நம்பு, த/பெ நம்பு

அரூரிலிருந்து மாற்றலாகிப் பாம்பனுக்கு வந்த முதல் வாரம்
டோக்கன் ஜன்னலில் தலையை நீட்டி
நம்பு என்று கூப்பிட்டேன்.
ஒன்பது பேர் திரும்பினார்கள்,
ஐஸ் லாரிக்கடியில் படுத்திருந்த நாய் ஒன்றும்.

எங்கள் பக்கம் அது ஏவல்.
கைமாற்று கேட்பவன் சொல்வது,
பஞ்சாயத்தில் தோற்றுக்கொண்டிருப்பவன் சொல்வது.
இங்கே, தனுஷ்கோடிச் சாலையில்
உடைமுள்ளுக்குள் குடியிருக்கும் அம்மனுடைய பெயரின்
முன்பாதி.
அவளிடம் நேர்ந்து பிழைத்த பிள்ளைகள்
ஆணும் பெண்ணுமாய் அதையே சுமக்கிறார்கள்.
பின்பாதி ரேஷன் கார்டில் மட்டும் வரும்.

அடைமொழி பழகினேன்:
முரல் நம்பு, டீசல் நம்பு,
ரெண்டு தரம் செத்துப் பிழைத்த நம்பு,
அவன் மச்சான் சும்மா நம்பு.
பேரேட்டில் அடைமொழிக்குக் கட்டம் கிடையாது.
நம்பு, த/பெ நம்பு என்று எழுதி
அடுத்த வரியிலும் அதையே எழுதுவேன்.
தணிக்கைக்கு வந்தவர்
'மேற்படி' என்று போட்டிருக்கலாமே என்றார்.

வாடைக்காற்று எழும்பிப் படகு போகாத ஒரு நாள்
அலமாரியில் கரையான் விட்டுவைத்த
துறைமுகக் கணக்கைப் புரட்டினேன்.
வெள்ளைக்காரன் காலம். ஒரு கப்பல்.
அதன் பெயர், கப்டன் பெயர்,
ஏற்றியிருந்த குதிரைகள் அறுபத்திரண்டு,
எல்லாம் இருந்தது.
பாறைக்கும் பாறைக்கும் நடுவே, இருட்டில்
அதைக் கால்வாய் கடத்திவிட்டவனுக்குக்
கூலி ஒன்றே கால் ரூபாய்.
பெயர் நம்பு.
கையெழுத்துக்குப் பதில் ஒரு கீறல்.
வலை தைத்துக்கொண்டிருந்தவர்களிடம் படித்துக் காட்டினேன்.
பொழுது சாய்வதற்குள்
நான்கு குடும்பங்களுக்கு அவன் பூட்டனாகிவிட்டான்.

புயலன்று வீட்டுக் கதவைக் கழற்றி
நான்கு பிள்ளைகளை அதில் வலைக்கயிற்றால் கட்டிய
நம்பு ஒருத்தி உண்டு.
மூன்று யாருடையவை என்று அவள் கேட்கவில்லை.
அவளும் எல்லாருக்கும் அத்தைமுறை.
ஆனால் அக்கரையிலிருந்து ஏற்றி வந்தவர்களை
மணல்திட்டில் இறக்கிவிட்டு
இதுதான் ராமேஸ்வரம், நடங்க
என்று சொல்லித் திரும்பினானே, ஒருவன்?
கேட்டால் ஊசி பிடித்த கை நிற்காது.
"அது வேற நம்பு."

கார்த்திகையில் ஓர் இரவு
இரண்டு படகு.
ஒன்றைப் பிடித்துக்கொண்டு போனார்கள்,
ஒன்று இடிபட்டு முங்கியது.
இரண்டிலுமாக மூன்று நம்பு.
யார் எதில் மாறி ஏறினார்கள் என்று
ஜெட்டியில் ஒருவருக்கும் தெரியவில்லை.
மன்னாரிலிருந்து பட்டியல்
சிங்களத்தில் கிளம்பி, ஆங்கிலத்துக்கு மாறி,
தமிழில் என் போனுக்கு வந்து சேர்ந்தபோது
தகப்பன் பெயர்களெல்லாம் வழியில் உதிர்ந்திருந்தன.
உயிரோடு பதினோரு பேர்.
ஏழாவது, நம்பு.
மேலும் கீழும் நாலு தரம் பார்த்தேன்,
ஒரே ஒரு நம்பு.

பூரணவல்லி வந்தாள், முனியசெல்வி வந்தாள்,
கைப்பிள்ளையோடு ராக்கு வந்தாள்.
ஒருத்தி கொண்டுவந்த பிளாஸ்க்கில்
மூன்று பேரும் டீ குடித்தார்கள்.
பிள்ளை மடி மாறி மாறித் தூங்கியது.
பட்டியலை நடு மேசையில் விரித்து வைத்திருந்தேன்.
ஒருத்தியும் இன்னொருத்தியிடம்
அது வேற நம்பு
என்று சொல்லவில்லை.

நாலரைக்கு மணியடித்தது.
கரகரப்பு, காற்று, ஓர் ஆண்குரல்.
"நம்பு பேசுறேன்."
எந்த நம்பு, அப்பா பேர் என்ன, அப்பா பேர் என்ன என்று
செத்துப்போன லைனில் கேட்டுக்கொண்டிருந்தேன்.
அவர் பேரும் நம்புவாகத்தான் இருக்கும்.

போனை வைத்தேன்.
மூன்று பேரும் என் வாயைப் பார்த்தார்கள்.

நம்பு, என்றேன்.

ஐஸ் லாரிக்கடியிலிருந்து
நாய் எழுந்து வந்தது.